மாசியில் மூடிக்கிடந்த கடற்கரை விடுதி

இன்று காலை வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. கொல்லைக் கதவைத் திறந்ததும் காய்ந்த மண் நனைகிற அந்த வாசனை. வேறு வருஷமாக இருந்தால் விதைநெல்லை ஊறப்போட ஓடியிருப்பேன். இந்த வருஷம் பெட்டிக்குள் செருப்பை எடுத்து வைக்க ஓடினேன். அடியே, நம்புவாயா? வியாழக்கிழமை நான் கிரேக்கத்துக்குப் போகிறேன். நம்முடைய தோலோவுக்கு! விசா வந்துவிட்டது, திருச்சியிலிருந்து டிக்கெட்டும் போட்டாயிற்று. கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உன்னை விட்டால் இதை நான் யாரிடம் சொல்லிக் குதிப்பது?

ஆரம்பித்து வைத்தவள் நீதானே. மன்னார்குடியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற மறுவாரமே, பஸ் பிடித்து வலங்கைமான் பக்கம் எங்கள் ஊரில் வந்து இறங்கினாய். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், உன் கண்ணில் அந்தப் பளபளப்பு வந்தால் எனக்கு ஏதோ வேலை வைக்கப்போகிறாய்.

"யவனர் அந்தக் காலத்துல கப்பலேறி நம்ம பூம்புகாருக்கு வந்தாங்கள்ல? வந்தவங்க வீட்டுக்கு நாமளும் ஒரு எட்டுப் போகலன்னா என்னடி மரியாதை?" என்றாய். எங்கள் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் காப்பி புரையேறிவிட்டது. "தாம்பூலத் தட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். "எடுத்துக்கிட்டுத்தான் போவோம்ண்ணே" என்றாய் நீ, கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து, உன் போனை நடுவில் வைத்துக்கொண்டு ஹோட்டல் தேடுவோம். பழைய காலத்து இடிபாடுகள் நாம் நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும், கட்டிலில் படுத்தபடியே கடல் தெரிய வேண்டும் என்பாய். நின்று பார்த்தால் ஆகாதா என்று கேட்டேன். "நீ வயல்ல நின்ன, நான் வகுப்புல நின்னேன். நின்னது போதும்டி."

விளம்பரப் படங்களை நீ நம்பவே மாட்டாய். மேப்பைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி, "கடலோரம்னு போட்டிருக்கான் புளுகுணி, நடுவுல ரோடு போகுது பாரு" என்பாய். டெல்பி பக்கம் ஒன்று பிடித்திருந்தது. ஆனால் கோயில் மலைமேல், கடல் எங்கோ கீழே. அவர்களுடைய கடல்சாமி போசைடன் கோயில் தூண்கள் சன்னலில் தெரிகிற விடுதி ஒன்றின் வாடகையைப் பார்த்துப் போனையே கவிழ்த்து வைத்தாய். கடைசியில்தான் தோலோ அகப்பட்டது. சின்ன மீன்பிடி ஊர். மணற்கரை முடிகிற இடத்தில், பாறைமேல் அசினி என்ற பழைய நகரத்தின் மதில். கார் பிடித்தால் மைசீனிக் கோட்டையும் எப்பிதாரஸ் அரங்கமும் பக்கம். சுற்றிலும் ஆரஞ்சுத் தோப்பு. நீ எழுந்து நின்று கைதட்டினாய்.

எப்போது போவது என்பதில் நமக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனியில் குறுவை நாற்று, புரட்டாசியில் சம்பா நடவு, தையில் அறுப்பு. கல்யாணமோ காதுகுத்தோ, எதுவானாலும் நமக்கு அறுப்புக்கு அப்புறம்தான். ஆகவே மாசி. தேடினால் எந்த விடுதியிலும் அறை இல்லை. "எல்லா ரூமும் நெறஞ்சுபோச்சுடி, என்னா கூட்டம்!" என்று பதறினாய். சரி, அடுத்த மாசிக்கு முந்திக்கொள்வோம் என்று முன்னாடியே தேடினோம். அதுவும் இல்லை. பொறுக்க முடியாமல் அந்தத் தோலோ விடுதிக்காரிக்கே மெயில் எழுதி, இவ்வளவு கூட்டம் வருகிற ரகசியம் என்ன என்று கேட்டாய்.

அவள் பதில் போட்டாள். கூட்டமெல்லாம் இல்லை, குளிர்காலத்தில் கடற்கரையே மூடிக்கிடக்கும், பிப்ரவரியில் நாங்கள் ஆலிவ் மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருப்போம், ஜூனில் வாருங்கள் என்று. வயிறு வலிக்கச் சிரித்தோம். "அவளும் உன்ன மாதிரிதான்டி, விவசாயி!" என்றாய். அப்புறம்தான் உறைத்தது. எனக்கு ஓய்வு கிடைக்கும்போது அவளுக்கு மரத்தில் வேலை, அவள் கதவைத் திறக்கும்போது எனக்கு நாற்றங்கால்.

"ஒரு வருஷம் விட்டுட்டு வாடி" என்றாய். "தண்ணி வந்தப்புறம் வயல விட்டுட்டு எவளாவது ஊர் சுத்துவாளா?" என்றேன். "ஏன், நாம சுத்துவோம்" என்றாய்.

ஐப்பசி அடைமழையில் நீ போய்விட்டாய். நெஞ்சுவலி என்றார்கள். நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

மாசி வந்தது, அறுப்பும் முடிந்தது. சும்மா உட்கார்ந்து போனில் தோலோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாகப் போவதா, நானா? கும்பகோணத்துக்குப் புடவை எடுக்கப் போனால்கூட உன்னை இழுத்துக்கொண்டு போனவள். ஆனால் போகாமலே விட்டால் அந்த ஊரும் உன்னோடு போய்விடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நாத்து நான் விட்டுக்கிறேன். விதைநெல்லு எந்த மூட்டைன்னு மட்டும் காட்டிட்டுப் போ" என்றார்.

விடுதிக்காரிக்கு நானே எழுதினேன். கடையில் வேறு கலர் கேட்கவே கூசுகிற நான், படுத்தபடி கடல் தெரியுமா என்று பச்சையாகக் கேட்டுவிட்டேன். தலையணையில் தலையை வைத்துப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள்! சன்னல் நிறையக் கடல். இப்படிக் கேட்டு வாங்குகிற வாய் உன்னுடையது. அதை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், நான் வைத்துக்கொள்கிறேன்.

சற்றுமுன் அவளிடமிருந்து இன்னொரு மெயில். ஒருவர்தானே வருகிறீர்கள், இரண்டு கட்டிலில் ஒன்றை எடுத்துவிட்டால் அறை விசாலமாக இருக்கும், எடுத்துவிடவா என்று கேட்டிருந்தாள். வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்று உடனே எழுதிவிட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நாங்க ரெண்டு பேரும் சேந்து வர்றதாத்தான் பேச்சு.