குந்தலா பெரியம்மா வீட்டுப் புகை

அன்பு மகன் லிங்கராஜுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம், ஊரில் ஒரு உயிருக்கும் சேதமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி. சூரத்தில் நீயும் தறிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகம்தானே? புயலில் போன் கோபுரம் சாய்ந்துவிட்டது, அதனால் சூரத்துக்கு ரயிலேறும் நம் ஊர்ப் பையன் பைதரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புயலுக்கு முந்தின நாள் புயல் காப்பகத்துக்கு வரச்சொல்லி அதிகாரி மைக்கில் தொண்டை கிழியக் கத்தினார், பாதி ஊர்கூட வராது என்று அவருக்கே தெரியும். நான் அவரிடம் சொன்னேன், எங்கள் ஆட்கள் வானத்தைப் பார்த்துக் கிளம்ப மாட்டார்கள், குந்தலா பெரியம்மா வீட்டு அடுப்புப் புகையைத்தான் பார்ப்பார்கள், அவளே சமைக்கிறாள் நமக்கென்ன என்று இருந்துவிடுவார்கள், நாளைக் காலை அந்தப் புகை எழாவிட்டால் மதியத்துக்குள் ஊர் காலி என்று. அவர் சிரித்தார். நான் நேரே பெரியம்மாவிடம் போனேன், புயல் பேச்சையே எடுக்கவில்லை. காப்பகத்தில் அறுநூறு பேருக்குச் சமைக்க வேண்டும், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றேன். காலையில் வீட்டில் அடுப்பு மூட்டாமல், கல்யாண அண்டாவை மருமகள்கள் தூக்கிவர, பெரியம்மா தெரு நடுவே நடந்தார். பின்னாலேயே ஆடு, கோழி, துணிமூட்டை என்று ஊரே நடந்தது.

அப்போதுதான் வாட்ஸப்பில் உன் குரல் வந்தது. புயல் வங்காளத்துப் பக்கம் திரும்பிவிட்டது, யாரும் வீட்டை விட வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பி அனுப்பினாயே, பத்தே நிமிடத்தில் எல்லோர் போனிலும் நீதான் பேசினாய். பத்து வீட்டார் திரும்பிப் போனார்கள், முதல் ஆள் உன் அப்பா. "எம்மவனே சொல்லிட்டான், அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?" என்று போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் பின்னால் ஓடவில்லை. பெரியம்மாவிடம் சொல்லி உடனே காப்பகத்தில் அடுப்பை மூட்டி, பருப்பும் காயும் போட்ட டால்மாவைத் தாளிக்க வைத்தேன். ஊரில் அந்த ஒரு இடத்தில்தான் புகை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், கடைசியாக அப்பா, "ஒரு வீட்டுலயும் அடுப்பெரியல, எனக்கு டீ யாரு தருவா?" என்று முணுமுணுத்துக்கொண்டு.

புயல் அடித்து ஓய்ந்ததும் எண்ணினோம், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவர் குறையவில்லை. அடுத்த முறை மைக்குக்கு முன்னால் உங்களைத்தான் கேட்பேன் அக்கா என்றார் அதிகாரி. நான் ராணி மாதிரி தலையாட்டினேன், பெருமைதான், இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

வேளைக்குச் சாப்பிடு. இனி எந்தச் சேதி கிடைத்தாலும் முதலில் எனக்குச் சொல், பிறகு ஊருக்கு. ஜகந்நாதர் உன்னைக் காப்பார். உன்மேல் கோபமில்லை, ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லக் கூடாது என்கிறார் அப்பா, நான் சொல்கிறேன்: நம் மேற்குச் சுவர் விழுந்தது அவர் கட்டிலின் மேல். கட்டில் நொறுங்கிக் கிடக்கிறது, அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

உன் அம்மா
சைரந்திரி