கணக்கு வராத உங்கள் மகள் ஃபைனான்ஸ் எடுத்துவிட்டாள்

என் பிரியமான அப்பாவுக்கு,

சாப்பிட்டுவிட்டேன். போனை எடுத்ததும் நீங்கள் அதைத்தானே முதலில் கேட்பீர்கள்? அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். அதே பட்டாசுக் கம்பெனிக்குத்தான் இப்போதும் போகிறாள், வேறு ஒருவர் ஓட்டுகிற வேனில். "உங்கப்பா மாதிரி மேடு பள்ளம் பாத்து ஓட்ட ஒருத்தருக்கும் வரல" என்று அடிக்கடி சொல்கிறாள்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் பதறக் கூடாது. எம்.பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்.ஆர்., மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் என்று மூன்று இருந்தன. நான் ஃபைனான்ஸ் எடுத்திருக்கிறேன். ஆமாம் அப்பா, நானேதான். கணக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே உடம்பு சுடுமே, அதே மாரீஸ்வரி.

பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பத்தாவதில் கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் பாஸாகியிருந்தேன். எந்த குரூப் வேண்டும் என்று சார் கேட்டதும் எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள், "கணக்கு இல்லாத குரூப்பாப் போட்டுருங்க சார். எம் பிள்ள அழுதுக்கிட்டுப் படிக்க வேண்டாம்." அன்றைக்கு நீங்கள் எனக்குச் சாமி மாதிரி தெரிந்தீர்கள்.

நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் சில நாள் தோன்றும். இன்னும் ஒரு தடவை முட்டிப் பார் தாயி என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்டிருப்பேனா? தெரியவில்லை.

பி.காம். படிக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள். சாயங்காலம் வேலை முடிந்து பெண்களை ஊர்களில் இறக்கிவிட வந்த வழியில், மல்லாங்கிணறு தாண்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினீர்களாம். கை பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்த பிறகுதான் சாய்ந்தீர்களாம். பின்னால் இருந்த ஒருத்திக்கும் சின்னக் கீறல்கூட இல்லை. அந்த வண்டியில் அம்மாவும் இருந்தாள்.

அதற்குப் பிறகு எப்படியோ நுழைவுத் தேர்வு எழுதினேன். கணக்குப் பகுதி கைவிட்டாலும் ஆங்கிலம் காப்பாற்ற, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. முதல் வருஷம் முடிந்த கோடையில் பயிற்சிக்காகச் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்துக்குப் போனேன். என் மனசு மாறியது அங்கேதான்.

அந்த அச்சகத்தில் ஆர்டருக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு மிஷினை நிறுத்தி, அதில் வேலை பார்த்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளியிடமே கேட்டேன்.

"பேப்பருக்கும் மைக்கும் இப்பவே துட்டு வைக்கணும்மா," என்றார். "காலண்டர் வாங்குறவுக பொங்கல் கழிச்சுத்தான் தருவாக. நடுவுல உள்ள மாசங்களத் தாண்ட முடியல. மத்தபடி லாபத்துக்கு ஒண்ணும் கொறவில்ல."

அப்பா, பட்டாசுக் கம்பெனி மூடிக் கிடக்கும் நாட்களில் வேனைத் துடைத்துக்கொண்டே நீங்கள் கேட்பீர்களே, "ஆர்டர் அம்புட்டு இருக்குங்காக, பெறகு ஏன் மூடுதாக?" என்று. அதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. அன்றைக்கு அச்சகத்தில் நின்றபோது, அதில் ஒரு பாதியாவது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. லாபம் இருந்தும் ஒரு கம்பெனி நின்றுபோகலாம். அந்த நடு மாசங்களைத் தாண்ட வழி தேடுகிற படிப்புக்குப் பெயர்தான் ஃபைனான்ஸ் என்றால், எனக்கு அதுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

துறைத்தலைவர் மேடம் என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நீ தப்பிச்சதே பெரிசு. நல்லா பேசுற, எச்.ஆர். எடேன்" என்றார். லோடு லாரி ஓட்டுகிற மாமாவும் போனில் அதையே சொன்னார். "ஏத்தா, எச்.ஆர். படிச்சா கம்பெனியில ஆபீஸ்ல உக்காத்தி வச்சுருவாக. வராததக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்க?" இருவருமே என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நான் பிடிவாதமாக ஃபைனான்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் இன்டர்னல் தேர்வின் மார்க் வருகிற நாள்வரை மாற்றிக்கொள்ளலாம் என்று மேடம் ஒரு கதவைத் திறந்து வைத்தார்.

முதல் இன்டர்னலில் ஃபெயிலானேன் அப்பா. கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே ஃபெயில். இன்றைக்குக் கையில் உள்ள பணமும் சில வருஷம் கழித்து வரப்போகிற அதே பணமும் ஏன் சமம் இல்லை என்று தமிழில் கேட்டால் விளக்கிவிடுவேன். அதைக் கணக்காகப் போடச் சொன்னால் பின்னத்திலேயே சிக்கிக்கொண்டேன்.

பிரிவை மாற்ற அன்று சாயங்காலம்தான் கடைசி. மேடத்தின் அறை வாசலில் நின்றேன். அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. உங்கள் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மூடினேன். நீங்கள் இருந்திருந்தால், "அழாத தாயி, வேறத எடுத்துக்க" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் உள்ளே போனேன்.

"மாத்தலை மேடம்," என்றேன். "எட்டாம் வகுப்புக் கணக்குலேர்ந்து மறுபடி படிக்கப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. "எட்டு வேண்டாம், ஆறுலேர்ந்து ஆரம்பி" என்றார்.

வேனிலிருந்து இறங்கியதும் அம்மா போனில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "அந்தக் கணக்கெல்லாம் எதுக்குன்னாவது புரியுதாத்தா?"

"அது புரியுதும்மா. போடத்தான் தெரியல."

"எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சுன்னா பெறகென்ன? போடப் படிச்சுக்க."

ஆறாம் வகுப்புப் புத்தகத்தை விடுதி அறையில் விரித்தபோது முதல் வாரம் அட்டையை மறைத்துத்தான் வைத்திருந்தேன். என் அறைத்தோழி தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். கணக்கு அவளுக்கும் ஆகாது. அவளை எதிரில் உட்கார வைத்து அரையையும் மூன்றில் ஒன்றையும் ஏன் அப்படியே கூட்டக் கூடாது என்று சத்தமாக விளக்கினேன். "எனக்கே புரியிற மாதிரி சொல்றியேடி!" என்றாள். அவளுக்குப் புரிந்தால் எனக்கும் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டோம். பின்னம், சதவீதம், அடுக்கு என்று ஒவ்வொன்றாகப் போனோம். எனக்கு மூளையில் ஒன்றும் கோளாறு இல்லை அப்பா. சின்ன வகுப்பில் ஓர் இடத்தில் விட்டுப்போயிருக்கிறது, அதன் மேல் கட்டியதெல்லாம் ஆடியிருக்கிறது. அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்த அன்று கழிவறைக்குள் போய் அழுதேன். சந்தோஷமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

செமஸ்டரில் பாஸ். பெரிய மார்க் ஒன்றும் இல்லை. வகுப்பில் மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் போடுகிற கணக்குக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆனால் விடை வருகிறது.

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு அதே அச்சகத்துக்குப் போனேன். பேப்பரை மொத்தமாக வாங்காமல் பிரித்து வாங்குவது, காலண்டர் ஆர்டர் பிடித்துத் தருகிற ஏஜெண்டுகளிடம் கொஞ்சம் முன்பணம் கேட்பது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முதலாளி முன்பணத்தைப் பேச்சிலேயே தள்ளிவிட்டார். "கேட்டா அடுத்த பிரஸ்ஸுக்குப் போயிருவாகம்மா." பேப்பர் விஷயத்தை மட்டும் இந்த சீசனில் செய்து பார்க்கிறேன் என்றார். மிஷின் நிற்காமல் ஓடுமா என்று எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் விருதுநகரில் ஒரு வேலைக்குத் தேர்வு எழுதப் போகிறேன். சின்னத் தொழில்களுக்குக் கடன் கொடுக்கிற நிறுவனம். தேர்வின் முதல் பகுதியே கணக்குத்தானாம். பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பயத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே போடப் பழகிவிட்டேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு எழுதுவேன், அதற்கடுத்ததற்கும் எழுதுவேன். கணக்கு இல்லாத வேலையாகப் பார்த்து ஒதுங்க மட்டும் மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

நீங்கள் எனக்காகக் கவலைப்பட்டது போதும் அப்பா. நிம்மதியாக இருங்கள்.

உங்கள் ஒரே மகள்,
மாரீஸ்வரி