பச்சை லேபிள் விஷயமாக

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்காலும் அவளுடைய வாயும் வழக்கம்போல் வேலை செய்கின்றன, நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். தவிர, மருந்தின் தரம் பார்க்கும் நம் தொழிலில் வாயால் சொன்னது செல்லாது, கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கட்டிக்கொள்ள நினைக்கும் பையனைப் பற்றிச் சொன்னபோது, மஞ்சள் லேபிள் ஒட்டியிருக்கிறேன், பரிசோதனை முடியும்வரை சரக்கு அசையக் கூடாது, தேறினால்தான் பச்சை என்று சொன்னேன். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. உங்க பச்சை லேபிள் வந்தாத்தான் வீட்டுக்கு வருவேன், அதுவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க என்று சொல்லிவிட்டாய். காலமெல்லாம் மாத்திரை ஃபேக்டரியில் குவாலிட்டி பார்த்தவன் வேறு எப்படிப் பேசுவான், நீயே சொல். உன் அம்மா மாத்திரை அடிக்கும் பிரிவில் இருந்தாள், அவள் அடித்து அனுப்புவாள், நான் நிறுத்தி வைப்பேன், அப்படிச் சண்டை போட்டுப் போட்டுத்தானே எங்கள் கல்யாணமே நடந்தது. இன்றைக்கும் அவள் அடுப்பிலிருந்து இறக்குவது நான் ருசி பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மேஜைக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் அப்படி நினைப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் ஒல்லியாக ஒரு பையன், கையில் பழப்பை. உங்க பொண்ணோட வேலை செய்யறேன் சார், நான் இங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது என்றான். பரிசோதிக்க வேண்டிய சரக்கு தானே நடந்து வந்து நிற்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி, முகத்தை மட்டும் ஆடிட்டர் முகமாக வைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டேன். இப்போது கவனமாகக் கேள். நம் வாசலில் செருப்புக் கழற்ற ஒரு குட்டை பெஞ்சு குறுக்கே கிடக்கிறதே, வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். இவன் அதன்மேல் உட்கார்ந்தான், ஒரு ஷூவைக் கழற்றினான், அந்தக் காலை வெளிப்பக்கத் தரையில் படவிடாமல் அப்படியே தூக்கி உள்பக்கம் போட்டான், பிறகு அடுத்த ஷூ, அடுத்த கால். தூசி, கிருமி புகக் கூடாத கிளீன் ரூமுக்குள் போகும்முன் உடை மாற்றும் அறையில் நீங்கள் பெஞ்சைத் தாண்டுவீர்களே, அச்சு அசலாக அதே தாண்டல். தாண்டி முடித்த பிறகுதான் தான் வந்திருப்பது ஒரு வீட்டுக்கு என்பது அவனுக்கு உறைத்தது, காது வரை சிவந்துவிட்டது. அம்மா என்னைத் தனியாக இழுத்து, என்னங்க, அந்தப் பிள்ளைக்குக் கால் ஏதாவது சுளுக்கா, பெஞ்சைச் சுத்திக்கூட வர முடியலையே என்று கிசுகிசுத்தாள். மாத்திரைப் பிரிவில் அந்தப் பெஞ்சு கிடையாது, அவளுக்கு எப்படித் தெரியும். அப்புறம் கை கழுவப் போனவன் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுக் குழாயை முழங்கையாலேயே மூடப் பார்த்தான். நம் வீட்டுக் குழாய் கையால் திருகினாலே அடங்காது, சட்டையெல்லாம் தண்ணீர்.

அவனுக்கு என் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் ஆடிட் ஆரம்பித்தேன். எப்பவாவது ஒரு பேட்ச் மருந்தைக் கெடுத்திருக்கியா என்று கேட்டேன். இல்லை என்றிருந்தால் அங்கேயே சிவப்பு லேபிள்தான், எதையும் கெடுக்காதவன் ஒன்று புதிதாகச் சேர்ந்தவன், இல்லையென்றால் புளுகன். அவன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பயோரியாக்டர் முழுக்கக் கெடுத்திருக்கேன் சார், மருந்து தர்ற செல் எல்லாம் டேங்குக்குள்ள நல்லா வளர்ந்துட்டு இருந்துச்சு, சாம்பிள் எடுக்கற வால்வை நீராவி விட்டுச் சுத்தம் பண்ணாம திறந்துட்டேன், கிருமி உள்ள போய் மொத்த டேங்கையும் கொட்ட வேண்டியதாப் போச்சு என்றான். யார் கண்டுபிடித்தார்கள் என்றேன். நானே போய்ச் சொன்னேன், விசாரிக்க வந்ததுதான் உங்க பொண்ணு என்றான். அடிப்பாவி, இந்தக் கதையை என்னிடம் சொல்லவே இல்லையே நீ. ரிப்போர்ட்டில் காரணம் என்ன எழுதினாள் என்று கேட்டேன். ஆள் செஞ்ச தப்புன்னு எழுதி முடிச்சுடுங்கன்னு மேல சொன்னாங்க சார், எங்கப்பாவா இருந்தா அதுல கையெழுத்தே போட மாட்டாருன்னு இவங்க பிடிவாதமா நின்னாங்க, நான் ஏன் மறந்தேன்னு திரும்பத் திரும்பக் கேட்டு, நீராவி விடாம அந்த வால்வு திறக்கவே முடியாதபடி மாத்த வெச்சாங்க என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன், இன்னும் அம்மா அதற்காக என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆகவே பச்சை. நிஜ லேபிளை ஃபேக்டரியிலிருந்து எடுத்து வர முடியாது, ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு, அதனால் உன் பழைய பெட்டியில் கிடந்த பச்சைப் பென்சிலைச் சீவி நானே ஒன்று வரைந்து கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இருவரும் சேர்ந்து வந்து சேருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேரில் என்றால் வாய் வராது. லேபிள் அவன்மேல் ஒட்டியிருக்கிறேன் என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை மாதமாக நான் பிடித்து வைத்திருந்தது உன்னைத்தான். பச்சை விழுந்தால் சரக்கு வெளியே போய்விடும், அதற்கு எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைய காலம் வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். வரும்போது அவனிடம் இருக்கும் என் சட்டையை எடுத்து வர மறக்காதே, அது என்னுடைய நல்ல சட்டை. பெஞ்சுக்கு அடியில் இருக்கும் உன் பழைய செருப்பைத் தூக்கிப் போடச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். எந்த பேட்ச் வெளியே போனாலும் அதில் கொஞ்சம் எடுத்து நாங்களே பூட்டி வைத்துக்கொள்வோம், அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அது அங்கேயேதான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
குவாலிட்டி