பின்னறைக் கதவில் ஒரு தேதிச் சீட்டு

மார்ச் 3, செவ்வாய்

கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் தேடினேன். இந்த வீட்டில் ஏழு கத்தரிக்கோல் இருப்பது எனக்குத் தெரியும். ஏழும் எதற்கு அடியிலோ கிடக்கின்றன. கடைசியில் கடைக்குப் போய் எட்டாவது வாங்கி வந்தேன். வெட்கக்கேடு. ஐம்பத்திரண்டு வயசு, நூலகத்தில் வேலை. இருபதாயிரம் புத்தகத்தில் எது எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டில் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டுமே, ஒரு நாள் உதவும்" என்றார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஆளுக்கு உலகத்தில் உதவாத பொருளே கிடையாது. கட்டிலுக்கு அடியில் மூன்று மோட்டார் வைத்திருக்கிறார். மூன்றும் ஓடாது.

எனக்கு ஆசை என்று ஒன்றுதான். ஒரு காலி அறை. சுவர், தரை, ஜன்னல், வேறு ஒன்றும் வேண்டாம். நடுவில் போய்ச் சும்மா நிற்கணும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

பின்னறைக் கதவு பாதிதான் திறக்கும். உடம்பை ஒருக்களித்துத்தான் நுழையணும். உள்ளே இருப்பது எதுவும் எங்களுடையது இல்லை. எல்லாம் அக்காவுடையது. அத்தானுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது வீட்டைக் காலி பண்ணி எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து இறக்கினாள். பீரோ, கட்டில், தையல் மெஷின், ஃப்ரிட்ஜ், பதினெட்டு அட்டைப்பெட்டி. "ஆறே மாசம்டி பொடிசு, வந்து எடுத்துக்கறேன்."

பதினோரு வருஷம் ஆகிறது.

கிழக்கு ஜன்னல் அந்த அறையில்தான் இருக்கிறது. பீரோ மறைத்துக்கொண்டு நிற்கிறது. அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் காலை வெயில் வந்ததில்லை.

நடுவில் ஒரே ஒரு தடவை வந்தாள், ஆறு வருஷத்துக்கு முன்னால். படுக்க இடமில்லை. ஹாலில் படுத்துக்கிறேன் என்றாள். இவருக்குச் சங்கடம், அத்தானுக்கு அதைவிடச் சங்கடம். லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கினார்கள். என் அக்கா! நான் இருக்கிற ஊருக்கு வந்து லாட்ஜில! அவள் படுக்க வேண்டிய இடத்தில் அவள் கட்டிலே நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது. அப்புறம் அவள் வரவே இல்லை. நானும் வான்னு கூப்பிடல. எந்த முகத்தை வச்சுக்கிட்டு கூப்பிடுறது?

மார்ச் 8, ஞாயிறு

நூலகத்தில் கழிவு எடுக்கும் வேலை ஆரம்பித்திருக்கிறது. வருஷா வருஷம் நடப்பதுதான். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். யார் எடுத்துப் போனாலும், திருப்பித் தரவேண்டிய தேதியை அதில் முத்திரை குத்துவோம். ஐந்து வருஷமாய் ஒரு தேதிகூட விழவில்லை என்றால், 'நீக்கப்பட்டது' என்று ஊதா மையில் ஒரு குத்து. நான் இதில் கில்லாடி. கை நடுங்காது.

நேற்று பழைய புத்தகக் கட்டு ஒன்றை எண்ணும்போதுதான் பொறி தட்டியது. அச்சு மங்கிய சீட்டுகள் ஒரு கட்டு, குப்பைக்குப் போகவிருந்தது. கேட்டு வாங்கி வந்தேன். இன்று முழுக்க வீட்டில் அதே வேலை. மிக்ஸிக்கு ஒன்று, ஃபிளாஸ்க்குக்கு ஒன்று, ஒவ்வொரு புடவைப் பெட்டிக்கும் ஒன்று. ஒரு பொருளை எடுத்தால் அன்றைய தேதியைப் பேனாவால் போடணும். நூறு நாள் காலியாக இருந்தால் அது வீட்டை விட்டுப் போகும்.

இவர் பின்னாலேயே வந்து வேடிக்கை பார்த்தார். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு."

ஒட்டினேன். "நூறு நாள் டைம்" என்றேன். அதோடேயே உட்கார்ந்து டீ குடித்தார் மனுஷன்.

பின்னறைக்குள் போய் ஒட்ட இடம் ஏது? கதவில் மட்டும் ஒன்று ஒட்டினேன்.

மார்ச் 9, திங்கள்

கத்தரிக்கோல் கிடைத்துவிட்டது. ஒன்றல்ல, நான்கு.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆறு வாரத்தில் தெரிந்தது: நான் ஐந்து புடவைதான் கட்டுகிறேன். இருவரும் சேர்ந்து தொடுவது மூன்று தட்டு, இரண்டு டம்ளர், ஒரு வாணலி, ஒரு கத்தி. மற்றதெல்லாம் சும்மா நம்மோடு குடியிருக்கிறது. நான் அதற்குத் தூசி தட்டிக்கொண்டு இருக்கிறேன்.

தொப்பிக்காரர் இன்றைக்கு எனக்கு ஒரு பேனா கொடுத்ததை நினைத்தால்... இல்லை, அது நேற்று. தினம் காலையில் நூலகம் திறந்ததும் முதல் ஆளாய் வந்து மூலை மேஜையில் உட்காருகிற பெரியவர். வெயிலோ மழையோ தலையில் கம்பளித் தொப்பி. ஒரு புத்தகமும் எடுத்துப் போகமாட்டார். உங்கள் பேனாவில் மை தீர்ந்துபோச்சே என்று தன்னுடையதைக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கணும்.

ஜூன் 16, செவ்வாய்

நூறு நாள் முடிந்தது. பழைய சாமான் வண்டிக்காரரை வரச் சொல்லியிருந்தேன். லீவு போட்டேன், இவர் கண்ணில் படாமல் இருக்க. வண்டிக்காரர் மூன்று நடை போனார். மோட்டார்களைத் தொடவில்லை, அது இவர் பாடு.

கடைசி நடையில் ஒரு காரியம் செய்துவிட்டேன். பின்னறை வாசலில் அக்காவின் மடக்கு நாற்காலி ஒன்று எப்போதும் காலை இடறும். கதவுச் சீட்டும் காலிதானே என்று ஒரு வேகம். "இதையும் ஏத்துங்க" என்றேன். ஏற்றிவிட்டார்.

ஜூன் 17, புதன்

சமையலறை மேல்தட்டு காலி. அதில் ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லாததைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமா? இவர்கூட, "வீடு மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றார். பிறகு மோட்டார் பத்திரமா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

நாற்காலி மட்டும் நெஞ்சில் முள்ளாய் இருக்கிறது.

ஜூலை 2, வியாழன்

இன்றைக்கு எனக்கு ஒரு அடி.

தொப்பிக்காரர் கவுன்ட்டருக்கு வந்தார். வழக்கமாய் வரவேமாட்டார். "அம்மா, அந்தப் பெரிய அட்லஸ் காணோமே. ஒரு வாரமா தேடுறேன்."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பச்சை அட்டை. சீட்டில் ஒரு தேதி கிடையாது. என் கையாலேயே குத்தி அனுப்பினேன். போன வாரம்தான் லாரியில் போனது.

"யாரும் எடுக்கவே இல்லீங்களே" என்றேன்.

"நான் வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லையேம்மா. இங்கயே உக்காந்து பார்ப்பேன்."

அவர் மகள் கப்பலில் நர்ஸாம். எந்தக் கடலில் இருக்கிறேன் என்று அவ்வப்போது செய்தி அனுப்புவாளாம். தினம் காலையில் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேப்பர் படிப்பாராம். "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு மூலை மேஜைக்குப் போய் வெறுங்கையோடு உட்கார்ந்தார். பேப்பரைக்கூட எடுக்கவில்லை.

இருபத்தேழு வருஷ வேலை. மேஜையில் வைத்துப் படிக்கிற புத்தகத்துக்குச் சீட்டில் தேதி விழாது. இது நேற்று சேர்ந்த ஆளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? கை நடுங்காதாம். பெரிய கில்லாடி!

ஜூலை 3, வெள்ளி

அந்த நாற்காலியில் அக்கா தினமும் உட்கார்ந்தாளோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்? கதவுச் சீட்டில் அதெல்லாம் விழுமா? ஐயோ, கேக்காம கொள்ளாம தூக்கிக் குடுத்துட்டேனே.

ஜூலை 5, ஞாயிறு

பேசிவிட்டேன். நாங்கள் மாசம் ஒரு தடவை பேசுவோம், சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, சரி வைக்கிறேன். இன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே அழுதுவிட்டேன்.

"அக்கா, உன் மடக்கு நாற்காலியை வண்டிக்காரருக்குக் கொடுத்துட்டேன்."

"எந்த நாற்காலி?"

"நீலம். பின்னறை வாசல்ல இருக்குமே."

"என்கிட்ட ஏதுடி நீல நாற்காலி?"

அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். இரண்டு ராத்திரி தூக்கம் போயிருக்கிறது எனக்கு! அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொடிசு, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. காலைல எந்திரிச்சதும் மனசுக்குள்ள அந்த ரூமுக்கு ஒரு நடை போயிட்டுத்தான் வருவேன். இடது பக்கம் மெஷின், அதுக்குப் பக்கத்துல என் பச்சைப் பெட்டி, அப்புறம் கட்டில். அதெல்லாம் இருக்குன்னா நான் இன்னும் திரும்பி வர்ற ஆளுதான்னு ஒரு நினைப்பு."

பச்சைப் பெட்டி என்று ஒன்று அங்கே இல்லை. இருந்ததே இல்லை. நான் சொல்லவில்லை.

"பசங்க இங்கயே வேலைக்குப் போயிட்டாங்கடி. அத்தானும் இங்கயே இருந்துடலாங்கறார். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வருஷமா முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

எனக்கும் தெரியும் என்றேன். தெரியாது. இல்லை, தெரியும். யாராவது சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அந்தக் கதவை நானும் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

ஜூலை 12, ஞாயிறு

"ஒவ்வொண்ணா பிரிச்சு என்ன இருக்குன்னு சொல்லு. நான் பார்த்த மாதிரி இருக்கும். அப்புறம் யாருக்காவது குடுத்துடு" என்றாள். போனை ஹால் ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து முதல் பெட்டியைப் பிரித்தேன். இரண்டு மணி நேரம். ஒரே ஒரு பெட்டி! பசங்களின் பள்ளிக்கூட சாக்ஸ் பதினாறு, ஒன்றுக்கும் ஜோடி இல்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூலை 19, ஞாயிறு

பெட்டி இரண்டு, மூன்று. அவள் கல்யாணத்தில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற போட்டோ. "நான் போறேன்னு அழுதியா, புதுப் புடவை எனக்கு மட்டும்னு அழுதியா?" "ரெண்டும்தான்."

ஆகஸ்ட் 16, ஞாயிறு

வாரத்துக்கு ஒரு நாள் என்றிருந்தது மூன்று நாளாகிவிட்டது. பதினோரு வருஷத்தில் பேசியதைவிட இந்த ஒரு மாசத்தில் அதிகம் பேசிவிட்டோம். பெட்டி குறையக் குறைய எனக்குப் பயமாய் இருக்கிறது. நேற்று வேண்டுமென்றே பாதிப் பெட்டியோடு நிறுத்தினேன். அவளும் அவசரப்படவில்லை.

தையல் மெஷின் மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிருந்தது. இவர் இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுக் கைவிரித்தார். அன்றைக்கே அவருடைய மூன்று மோட்டாரும் வண்டியில் ஏறின.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

பீரோ போனது. ஜன்னல் கொக்கி துருப்பிடித்துத் திறக்கவில்லை. இவர் எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தார். தரையைக் கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 31, திங்கள்

காலையில் வெயில் வந்தது. அறை முழுக்க. நடுவில் போய் நின்றேன். சுவர், தரை, ஜன்னல். ஆசைப்பட்டது அப்படியே கிடைத்திருக்கிறது.

அக்கா வேணும்னு இருக்கு.

செப்டம்பர் 20, ஞாயிறு

போன் வரவில்லை. பிரிக்கப் பெட்டி இல்லை, பேச என்ன இருக்கிறது? வீட்டில் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. தூசி தட்டும் வேலை இல்லை. சாயங்காலம் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன், இவரும் வருகிறார். நிம்மதிதான். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நிம்மதி. ஆனால் பதினெட்டு பெட்டிக்குள் இத்தனை நாள் மூட்டை கட்டி வைத்திருந்த ஏக்கம், இப்போது வெளியே வந்து நேராய் உட்கார்ந்திருக்கிறது.

தொப்பிக்காரருக்கு இன்னொரு கிளையிலிருந்து பழைய அட்லஸ் ஒன்று வரவழைத்துக் கொடுத்தேன். 'வெளியே கொடுக்கக் கூடாது' என்று முன்னட்டையில் சிவப்பில் எழுதினேன். இனி தேதிச் சீட்டைப் பார்த்து யாரும் அதைக் கழிக்க முடியாது, நான் உட்பட.

செப்டம்பர் 23, புதன்

கேட்டுவிட்டேன். இவர்தான் போனைக் கையில் திணித்தார். "நீயே அழுதுக்கிட்டு இருக்கறதுக்கு, அவங்ககிட்ட அழு."

"அக்கா, ரூம் காலியா இருக்கு. வந்து படு."

"கட்டில்?"

"குடுத்தாச்சே. புது மெத்தை ஒண்ணு போடுறேன். அவ்வளவுதான் இருக்கும்."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அக்டோபர் 25, ஞாயிறு

அக்கா பின்னறையில் தூங்குகிறாள்! ஒரே ஒரு கைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். பச்சைப் பெட்டியைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "இங்க ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாள். தினம் மனசுக்குள் வந்து போனவள்!

விடிந்து வெகு நேரம் ஆகிவிட்டது. வெயில் முகத்தில் விழுகிறது. எழுப்ப மனசில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

போய்விட்டாள். கிளம்பும்போது கதவில் இருந்த சீட்டைப் பார்த்து இது என்னடி என்றாள். சொன்னேன். "அப்ப பேனாவைக் கொண்டா" என்றாள். இன்றைய தேதியைப் போடுவாள் என்று நினைத்தேன்.

"உங்க நூலகத்துல என்ன தேதி போடுவீங்க, எடுத்த தேதியா?"

"திருப்பித் தரவேண்டிய தேதி."

அடுத்த ஜூன் பதினைந்து என்று எழுதினாள். அவள் கையெழுத்து இன்னும் அப்படியே, எல்லா எழுத்தும் வலது பக்கம் சாய்ந்து.

"தேதி தவறினா என்ன பண்ணுவீங்க?"

"நினைவூட்டு அட்டை வரும். வீட்டுக்கே."

"அனுப்பு, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

நவம்பர் 10, செவ்வாய்

நூலகத்தில் கூட்டமே இல்லை. அட்டை ஒன்று எடுத்து அக்காவின் விலாசத்தை எழுதினேன். ஜூனுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கிறது, தெரியும். எழுதி வைத்துவிட்டேன்.