தன் கணவன், அவள் கணவன்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
3 அக்டோபர் 2024

அன்புள்ள ஸ்ரீக்கு,

நான் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, மெயிலில் எழுதினால் எழுதுவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். ஆறுகிறதா என்று கடைசியில் பார்ப்போம்.

டேனிஷ் வகுப்புக்கு வாராவாரம் கழக்கூட்டம் போய் வருகிறேன். ஹைவேயில் பஸ் நகராமல் நிற்கும்போது, குரலைத் தொண்டையிலேயே ஒரு கணம் நிறுத்திப் பழகுகிறேன். 'ஹுன்' என்றால் அவள். அதையே முடிக்கும்போது தொண்டையை ஒரு கணம் இறுக்கினால் நாய். போன வாரம் வகுப்பில் உன் போட்டோவைக் காட்டி, 'அவள் என் மனைவி' என்று அறிமுகம் செய்தேன். தொண்டை நேரம் பார்த்து இறுகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், மரியாதைக்கு நானும் சிரித்தேன்.

அதோடு போயிருக்கலாம். பயிற்சிக்காக நீ அனுப்பிய வாக்கியத்தை ஆசிரியர் பிரஜினிடம் காட்டினேன். 'ஹுன் சவ்னர் ஹென்னஸ் மன்.' அவள் அவளுடைய கணவனை நினைத்து ஏங்குகிறாள்.

"சாரே, இது ஆரு எழுதினது?"

"என் வைஃப்."

"புக்குல இருந்து எடுத்ததா?"

"சொந்தமா எழுதினது. ஏன்?"

"ஒண்ணுமில்லா. தன் புருஷன்னா 'ஸின் மன்'னு வரணும். 'ஹென்னஸ்' போட்டா அது வேற ஒருத்தியோட புருஷனாக்கும்."

பின் பெஞ்சில் இருந்த லிபி என்கிற நர்ஸ், "சேட்டா, கிராமரை விடுங்க. மேடத்தை விளிச்சுக் கேளுங்க" என்றாள்.

போனில் விளிக்கவில்லை. எழுதிக் கேட்கிறேன். யார் அந்த வேறொருத்தி? யார் அவள் கணவன்?

ஒப்பந்தத்தை நீட்டிக்கிறாயா என்று உன் ஆபீசில் மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றாய். நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்தால் நீட்டிப்பதாகவும், இல்லையென்றால் நீ திரும்பி வந்துவிடுவதாகவும் சொன்னாய். ராஜினாமா எழுதுவதற்கு முன்னால் இதையெல்லாம் தெரிந்துகொள்வது நல்லதுதானே?

நாகேஸ்வரன்

*

ஆர்ஹூஸ், டென்மார்க்
6 அக்டோபர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

எனக்கு ஜலதோஷம். மற்றபடி சௌக்கியம்.

வேறொருத்தி இல்லை. ஆகையால் அவளுக்குக் கணவனும் இல்லை. நம் தெருவில் 'அவ ஆத்துக்காரர் வந்துட்டார்' என்றால் எந்த அவள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதிவிட்டேன். 'தன்' என்பதை நாம் எழுதும்போதுதான் உபயோகிக்கிறோம். இவர்கள் பேச்சிலேயே உபயோகிக்கிறார்கள்.

அந்த வாக்கியத்தில் 'ஏங்குகிறாள்' என்றும் ஒரு சொல் இருந்தது. அதில் பிழை இல்லை. அதனால்தானோ என்னவோ, அதை நீங்கள் கவனிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் கிர்ஸ்டன் மாடியறையைக் காலி செய்து நம் இருவருக்கும் தருவதாகச் சொல்கிறார். அங்கிருந்து துறைமுகம் தெரிகிறது. ராஜினாமாவை எப்போது கொடுக்கப்போகிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் ஸ்ரீ

*

ஸ்ரீவராகம்
9 அக்டோபர் 2024

அன்புள்ள ஸ்ரீக்கு,

உன் விளக்கம் கிடைத்தது. பிரஜினிடம் காட்டினேன். நம்பும்படியாக இருக்கிறது என்றார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன்.

ராஜினாமா விஷயமாக மேனேஜரைப் பார்க்கப் போனேன். லீவில் இருக்கிறார். அப்புறம் சரஸ்வதி பூஜை. அது கழியட்டும்.

அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று நீ எழுதியதே இல்லை. சும்மாதான் கேட்கிறேன். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வைத்துச் சாப்பிடு.

நாகேஸ்வரன்

*

ஆர்ஹூஸ்
21 அக்டோபர் 2024

நாகேஸ்வரன்,

நேற்று சாப்பிடும்போது கிர்ஸ்டன் தன் போனுக்கு வந்த ஒரு செய்தியை எனக்குப் படித்துக் காட்டினார். என் போன் கெட்டுப்போனபோது ஒருமுறை அவர் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டிருந்தேன். அந்த நம்பரைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய். 'எர் தேர் என் மன் ஈ ஹூஸெ?' வீட்டில் ஆண் யாராவது இருக்கிறாரா?

கிர்ஸ்டன் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடியறைக்கு அலமாரி கொண்டுவருகிற கம்பெனிக்காரர் தூக்க ஆள் கேட்கிறார் என்று நினைத்து, 'இல்லை, நாங்கள் இரண்டு பெண்கள்தான், ஆனால் எங்களுக்கு நல்ல பலம்' என்று பதிலும் அனுப்பிவிட்டார். நம்பரைப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டு நம்பர் மாதிரி இருக்கிறதே என்றார். என் கணவர் என்றேன். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

நான் அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். கேள்வி என்பதால் வினைச்சொல்லை முதலில் போட்டிருக்கிறாய். வீடு என்ற சொல்லுக்குப் பின்னால் சேர்க்க வேண்டிய வாலைச் சேர்த்திருக்கிறாய். இத்தனை மாத வகுப்பில் நீ பிழையில்லாமல் எழுதிய முதல் வாக்கியம் இது. 'நான் வருகிறேன்' என்பதற்கு டேனிஷில் இரண்டே சொல். அதை நீ எழுதவில்லை.

இன்று காலை ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டேன். மாடியறையை நானே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கட்டில் போதும் என்று கிர்ஸ்டனிடம் சொல்லிவிட்டேன்.

'நீ' என்று எழுதுவதைக் கவனித்திருப்பாய். இங்கே ஆபீசில் தலைவருக்கும் 'டு', பஸ் டிரைவருக்கும் 'டு'. மரியாதைக் குறைவு என்று நினைக்காதே. முன்பின் தெரியாதவர்களிடம் இப்படித்தான் பேசுகிறார்கள்.

ராஜினாமா எழுத வேண்டாம்.

ஸ்ரீலக்ஷ்மி