பில்டரில் என் பொட்டு

வெள்ளி, இரவு.

ஆயுத பூஜைக்குக் காரின் ஏர் பில்டரை நானே கழற்றித் துடைத்து, ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்து மாட்டினேன். "ஏட்டி, நீ கை வச்சா வாரண்டி போயிரும்லா" என்று கத்திய என் வீட்டுக்காரர், நேற்று காரை ஷோரூமில் சர்வீஸுக்கு விட்டார். புது பில்டர் போட்டதாக பில் கொடுத்தார்கள். இன்று திறந்து பார்த்தால், காய்ந்துபோன என் பொட்டு அப்படியே இருக்கிறது.

இவரையும் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். சூப்பர்வைசர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் இவரிடம் சொன்னான்: "புதுசுக்கும் நாங்க பொட்டு வைப்போம்லா, அண்ணாச்சி."

இவரும் தலையாட்டினார். கொக்கிரகுளம் பாலத்தில் வரும்போது, "பாத்தியாட்டி, பயலுவளுக்கு என்ன பக்தி!" என்கிறார்.

அடுத்த சர்வீஸுக்கு இவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து அனுப்பப் போகிறேன். இவரையாவது மாற்றித் தருகிறார்களா பார்ப்போம்.