மோதிரத்தோடு இடித்த கல்

ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமலிருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்திருக்கிறேன். நாம் பாறையில் துளைபோட்டபோது குழாய்க்குள் உருளை வடிவில் ஏறி வந்த கல். இரண்டு நாளாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உனக்கு எழுதினாலாவது ஓரிடத்தில் உட்காருவேனா என்று பார்க்கிறேன். நீ போய் மூன்று வருஷமாகிறது. பதில் எழுதும் தொல்லை உனக்கில்லை.

எண்பதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் வாடகை வீட்டில் தங்கி, ஒலக்கூர்ப் பக்கம் ஏழுமலையின் நிலத்தில் தங்கம் தேடினோம். நீ பாறை பார்ப்பவன், நான் கணக்குப் பார்ப்பவன். தங்கம் விலை உச்சத்தில் இருந்தபோது அரசாங்கம் நம்மை அனுப்பியது. துளைபோட்டு முடிப்பதற்குள் விலை விழுந்துவிட்டது. விலை விழுந்தால் பாறைக்குள் இருக்கும் தங்கம் குறைவதில்லை, சுரங்கம் மட்டும் காணாமல் போய்விடும். கல்லை வெட்டி அரைக்கிற செலவு இறங்க மறுக்கிறதே.

கட்டுப்படியாகாது என்று நான் எழுத உட்கார்ந்த வேளையில், சோதனைக்கு இடித்த ஒரேயொரு மாதிரிக் கல்லில் மட்டும் தங்கம் அள்ளிக்கொண்டு வந்தது. அதைச் சேர்த்தால் அந்த விலையிலும் சுரங்கம் தோண்டலாம். விழுப்புரம் அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். உனக்குப் பதவி உயர்வு நிச்சயம் என்றார்கள். கூலியாட்கள் நாற்பது பேரும் வேலை நிரந்தரமாகும் என்று நம்பினார்கள்.

ஏழுமலை மட்டும் தினமும் சைக்கிளில் வந்து நின்றார். பள்ளம் வரப்போவது அவர் வேர்க்கடலை போடும் நிலத்தில்.

"தங்கம் இருக்குதோ இல்லியோ, அது உங்க பாடு சார். மல்லாட்டை போடலாமா வாணாமா, அத்தச் சொல்லுங்க. ஈரம் நமக்காகக் காத்துக்கினு இருக்காது."

ஒருநாள் மாலை நீ உன் மோதிரத்தைக் கழற்றி என் மேசைமேல் வைத்தாய். மாதிரி இடிக்கும் அறைக்குள் நகை கூடாது என்று பலகையில் எழுதியவன் நீதான். ஆனால் உனக்குக் கல்யாணமாகி இருபது நாள். கோயிலில் போட்ட மோதிரத்தை வருஷம் திரும்பும்வரை கழற்றக்கூடாது என்று வளவனூர் மாமியார் சத்தியம் வாங்கியிருந்தார்.

"ஆளு வரலன்னு அந்த மாதிரிய நானே இடிச்சேன்டா. பொடியக் கையாலயே கெளறிட்டேன். பாரு, ஓரம் தேஞ்சிருக்குது."

"நாப்பது பேரு பொழப்புடா," என்றேன். என் பிழைப்பும் அதில் ஒன்று என்பதைச் சொல்லவில்லை. "சொல்லாத விட்டுட்டா?"

"எங்க மாமியாரு போட்ட மோதிரத்துக்கு கவருமெண்டு பள்ளம் தோண்டும். தோண்டட்டுமா?"

அந்த மாதிரியில் எடுத்துவைத்திருந்த மீதிக் கல்லை வேறொருவன் இடித்தான். மற்றக் கற்களைப் போலக் கொஞ்சம்தான் தங்கம் வந்தது. அறிக்கையில் நீயே எழுதினாய்: 'மாதிரி கெட்டது. காரணம், என் மோதிரம்.' முகாம் கலைந்தது. நாற்பது பேரும் நம் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினார்கள். உன்னைச் சுண்ணாம்புக்கல் பார்க்க அனுப்பினார்கள். ஏழுமலை மல்லாட்டை விதைத்தார். சத்தியத்தை மீறி மோதிரத்தைக் கழற்றியதால்தான் பதவி உயர்வு போயிற்று என்று உன் மாமியார் கடைசிவரை நம்பினார்.

போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து இளைஞன் ஒருவன் வந்தான். நம் பழைய அறிக்கையைக் கையில் வைத்திருந்தான். உன் வரியைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னிக்கு இருக்கற வெலைக்கு மோதிரமே வாணாம் சார்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான், கட்டுப்படியாகும். அதே பாறை, ஒரு குண்டுமணி கூடவில்லை. பேப்பரில் வரும் விலை மட்டும் ஏறியிருக்கிறது.

முந்தாநாள் மழை பெய்தது. ஏழுமலையின் மகன் போன் செய்தான்.

"துளை போட வர்றோம்னு சொல்லிக்கினு இருக்காங்க. அப்பா இருந்தா உங்களத்தான் கேட்டிருக்கும். மல்லாட்டை போடலாமா வாணாமா சார்?"

கழற்றி மேசைமேல் வைக்க உன்னிடம் ஒன்று இருந்தது. நான் என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டேன்.

"போடுப்பா," என்றேன்.

கணக்கை மீறி நான் சொன்ன முதல் பதில் அதுதான். அதிலிருந்துதான் இந்தக் கல்லை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.